வால் எலும்பு என்றே எழுதினேன்

என் அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. நானும் உன் அப்பாவும் நன்றாக இருக்கிறோம், அவருடைய முழங்கால் மட்டும் எங்களோடு ஒத்துப்போக மறுக்கிறது. நீயும் மாப்பிள்ளையும் வயிற்றில் இருக்கிற குட்டியும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்பித்தான் பேனாவை எடுத்தேன். நீ அனுப்பிய ஏழு வார ஸ்கேன் படத்தை அப்பா லென்ஸ் வைத்துப் பார்த்துவிட்டு, வால் மாதிரி ஒண்ணு தெரியுதே என்று சாப்பிடாமல் உட்கார்ந்துவிட்டார். தன் பக்கத்துச் சொந்தத்தில் யாருக்கும் அப்படிக் கிடையாது என்று முதல் வேலையாக என்னிடம் சொல்லியும் வைத்தார். நான் மறுநாளே படத்தைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் உயிரியல் டீச்சரிடம் காட்டினேன். நீ படித்து முடித்த பிறகு வந்தவர், உனக்குத் தெரியாது. அவர் சிரித்துவிட்டு, பயப்படாதீங்கம்மா, இந்த வயசுல கோழிக்குஞ்சு, பூனைக்குட்டி, நம்ம புள்ள எல்லாத்துக்கும் வால் இருக்கும், நமக்கு மட்டும் கொஞ்ச நாள்ல சுருங்கிடும், மிச்சம் நிக்கிறதுதான் வால் எலும்பு என்றார். எனக்கு உயிர் வந்தது.

அதோடு விட்டிருந்தால் வம்பே இல்லை. டீச்சருக்கு உற்சாகம் தாங்கவில்லை. பத்தாம் வகுப்புக்குப் போய் அதையே பலகையில் வரைந்து, விலங்குகளும் நாமும் ஒரே பழைய குடும்பத்தின் கிளைகள், சாட்சி நம் உடம்பிலேயே இருக்கிறது என்று சொல்லியிருக்கிறார். அந்த நேரம் பார்த்து வராந்தாவில் தாளாளர். தன் ஏழு தலைமுறையைச் சட்டம் போட்டு ஆபீஸ் சுவரில் மாட்டியிருக்கிறாரே, எட்டாவது யார் என்று கேட்டால் மூக்கு சிவக்குமே, அவரேதான். எங்க பரம்பரைக்கு வாலா என்று குதித்தார். அந்தப் பாடத்தின் மேல் வெள்ளைத்தாள் ஒட்டச் சொன்னார். ஆபீஸ் கிளார்க் நான்தானே, அறுபது புத்தகத்துக்கும் நானே பசை தடவினேன். அதுவரை ஒரு பிள்ளையும் திறந்து பார்க்காத பாடம், அந்த வாரம் எல்லாப் பிள்ளைகளும் ஜன்னல் வெளிச்சத்தில் அந்தப் பக்கத்தைத் தூக்கிப் பிடித்துப் படித்தார்கள். டீச்சருக்கு மெமோ போனது, வெள்ளிக்கிழமை விசாரணை, வேலை போகும் என்று பேச்சு. அந்த மெமோவை டைப் அடித்தவளும் நான், அவரிடம் படத்தைக் காட்டி வாயைத் திறக்க வைத்தவளும் நான். சோறு இறங்குமா சொல்லு.

புதன்கிழமை தாளாளர் ஆபீஸ் படியில் வழுக்கி, உட்கார்ந்த வாக்கில் விழுந்தார். டாக்டர் கொடுத்த சான்றிதழ் ஃபைலில் வைக்க என்னிடம்தான் வந்தது. வால் எலும்பில் முறிவு, மூன்று வாரம் உட்காரக் கூடாது என்று கொட்டை எழுத்தில் இருந்தது. நான் சிரிக்கவில்லை, அலமாரிக்குள் தலையை விட்டுக்கொண்டு இருமினேன்.

விசாரணையில் கமிட்டிக்காரர்கள் எல்லோரும் உட்கார, தாளாளர் மட்டும் நின்றபடியே தலைமை தாங்கினார். என்ன ஆதாரம் வெச்சிருக்கீங்க என்று அதட்டினார். டீச்சர் அமைதியாக, எல்லாரும் உங்க கையைத் தொட்டுப் பாருங்க சார், மேலே ஒரு எலும்பு, கீழே ரெண்டு, அப்புறம் சின்னச் சின்னதா நிறைய, கடைசியில விரல், வௌவால் இறக்கையிலயும் திமிங்கலத்தோட துடுப்புலயும் இதே வரிசைதான், பறக்கவும் நீந்தவும் தனித்தனியா செஞ்சிருந்தா ஏன் ஒரே மாதிரி இருக்கணும் என்று கேட்டார். பெரிய மனிதர்கள் அத்தனை பேரும் சட்டைக் கையை மடித்துத் தடவிப் பார்த்தார்கள். மரக்கடைக்காரர், எனக்குக் காதுகூட ஆடும், அது எதுல சேர்த்தி என்று ஆட்டியே காட்டினார். காதைத் திருப்பிக் கேட்ட காலத்துத் தசை சார், இப்ப வேலை இல்லாம இருக்கு என்றார் டீச்சர். கமிட்டியில் வேறு சிலரும் அப்படித்தானே என்று நினைத்துக்கொண்டேன், குறிப்பில் எழுதவில்லை. எல்லாம் கேட்டுவிட்டு, வேலை நீக்கம் என்று எழுதுங்க என்றார் தாளாளர்.

கூட்டக் குறிப்பு எழுதுவது என் வேலை. தலைவர் நின்றுகொண்டே நடத்தினார், காரணம் வால் எலும்பு முறிவு, சான்றிதழ் இணைப்பு என்று எழுதி வாசித்தேன். இடுப்பு வலின்னு மாத்துங்க என்றார் தாளாளர். சான்றிதழ்ல இருக்குறதைத்தான் சார் எழுத முடியும், டீச்சர் மேல்முறையீடு செஞ்சா இந்தக் குறிப்பும் சான்றிதழும் கல்வி அலுவலகத்துக்குப் போகும், அங்கே சத்தமா வாசிப்பாங்க என்றேன். இருபத்தி நாலு வருஷத்தில் அவரிடம் நான் பேசிய மிக நீளமான வாக்கியம் அது. அவர் டீச்சரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், நாற்காலியைப் பார்த்தார். பிறகு, மெமோவை வாபஸ் வாங்கியாச்சுன்னு போடுங்க, வேற எதுவும் வேணாம் என்றார். போட்டேன். பாடத்தின் மேல் ஒட்டிய தாள் அப்படியேதான் இருக்கிறது, டீச்சரும் வேலையில் அப்படியேதான் இருக்கிறார். குறிப்பின் அடியில் நான் போட்ட கையெழுத்து மட்டும் கோணலாக விழுந்துவிட்டது. பரவாயில்லை, என் பெயர் தெரிகிறது.

நீ இரும்பு மாத்திரையை மறக்காமல் போடு, கனமான பையைத் தூக்காதே, மாப்பிள்ளை தூக்கட்டும். அடுத்த ஸ்கேன் படத்தை என் பெயருக்கே அனுப்பு, அப்பா கண்ணில் காட்ட வேண்டாம். நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல் நிறைவாக வாழ எங்கள் இருவரின் ஆசி.

என்றும் உன் நினைவில்,
அம்மா