நான் தொடாத சொம்பு

தொண்டாமுத்தூர்,
20.6.1996

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை அருள்குமார் அவர்களுக்கு,

மாமன் வெள்ளியங்கிரி எழுதுவது. இங்கே எல்லோரும் இருக்கிறோம். சுகம் என்று எழுதக் கை வரவில்லை. ராய்ப்பூரில் வெயில் எப்படி, உங்கள் போர்வெல் வண்டிக்கு வேலை இருக்கிறதா என்றெல்லாம் விசாரிக்கும் யோக்கியதை எனக்கில்லை. இருந்தாலும் கிழித்துப் போடாமல் கடைசி வரை படியுங்கள்.

முதலில் பிரவீனா. ஏழாம் மாதம் நடக்கிறது. ஐந்தாம் மாதத்தில் ஒன்று, நான்காம் மாதத்தில் ஒன்று என்று இரண்டைப் பறிகொடுத்தவள் இந்தத் தடவை ஏழாம் மாதத்தைத் தொட்டுவிட்டாள். ஸ்கேனில் குழந்தை நன்றாகத் துடிக்கிறது, எடைதான் கொஞ்சம் குறைவு என்கிறார்கள். தினமும் ஒரு சின்ன ஆஸ்பிரின் மாத்திரை. காலையும் மாலையும் வயிற்றுத் தோலில், ரத்தம் உறையாமலிருக்க ஹெப்பாரின் ஊசி. உங்கள் அத்தை சென்னியம்மாள் நர்ஸிடம் பழகிக்கொண்டு தானே போடுகிறாள். பிரவீனாவின் வயிறெல்லாம் நீலம் நீலமாகக் கன்றிக் கிடக்கிறது. மருந்து தீரத் தீர நான் பஸ் ஏறி உக்கடம் போய் வாங்கி வருகிறேன். போன வாரம் யானை புகுந்து முப்பது வாழையைச் சாய்த்துவிட்டுப் போனது. போய்ப் பார்க்கக்கூட எனக்குத் தெம்பில்லை.

இனி அந்த ரத்தச் சோதனைக் காகிதத்துக்கு வருகிறேன். மாசியில் பிரவீனா ஓய்வுக்காக எங்கள் வீட்டில் இருந்தபோது, கர்ப்பிணிகளுக்கு வழக்கமாக எடுக்கும் ரத்தச் சோதனை எடுத்தார்கள். கெட்ட சகவாசத்தில் வருகிற சீக்கு அவள் ரத்தத்தில் இருப்பதாக வந்தது. புருஷனிடமிருந்துதான் வந்திருக்கும் என்று யாரோ காதில் போட்டார்கள். “அவரு அப்படிப்பட்ட ஆள் இல்லீங்கப்பா” என்று அவள் அழுதாள். நான் கேட்கவில்லை. விடிந்ததும் பவானியில் உங்கள் வீட்டுக்கு பஸ் ஏறினேன்.

குலதெய்வப் பொங்கலுக்கு உங்கள் பங்காளிகள் எல்லாம் கூடியிருந்த நாள். நீங்கள் சொம்பில் தண்ணீரோடு வந்து, “வாங்க மாமா, மொதல்ல தண்ணி குடிங்க” என்றீர்கள். நான் அதைத் தொடவில்லை. ஊர் ஊராகத் திரிந்து நீங்கள் கொண்டுவந்த சீக்குதான் இரண்டு உசுரையும் தின்றது, இனி என் மகளை அனுப்ப மாட்டேன் என்று அத்தனை பேர் முன்னால் கத்தினேன். “என்ர ரத்தத்தையும் பார்த்துப்போட்டு அப்புறம் பேசுங்க மாமா” என்றுதான் நீங்கள் சொன்னீர்கள்.

சித்திரையில் கோயம்புத்தூர் பெரிய டாக்டரம்மா என்னை உட்கார வைத்து விளக்கினார். அந்தச் சோதனையில் கார்டியோலிபின் என்ற ஒரு கொழுப்பைப் போட்டுத்தான் பார்க்கிறார்களாம். அந்தக் கொழுப்பை எதிர்க்கும் ஒரு பொருள் பிரவீனாவின் ரத்தத்தில் தானாகவே ஊறியிருக்கிறது. ஆன்டிகார்டியோலிபின் ஆன்டிபாடி என்று எழுதிக் கொடுத்தார். அது இருந்தால் சீக்கு இல்லாதவர்களுக்கும் இருப்பது போலக் காட்டிவிடுமாம். அந்தச் சீக்குக்கென்றே உள்ள வேறு சோதனையில் அவளுக்கு ஒன்றும் இல்லை. எட்டு வாரம் விட்டு மறுபடி பார்த்தார்கள், அந்த ஆன்டிபாடி மட்டும் அப்படியே இருந்தது. அதுதான் நஞ்சுக்கொடியில் ரத்தத்தை உறைய வைத்து இரண்டு பிள்ளைகளையும் கொன்றது. சிலருக்குக் கால் நரம்பில் உறையும், சிலருக்கு மூளையில் அடைக்கும் என்றார். யார் தப்பும் இல்லீங்க, ரத்தத்தின் குணம் என்றார். யார் தப்பும் இல்லை என்று கேட்டதும் பவானியில் நான் கத்தினதுதான் எனக்கு நினைவுக்கு வந்தது.

இருபத்திரண்டு வருஷமாகப் பால் சொசைட்டியில் சோதனை பார்க்கிறவன் நான். கறந்த சூட்டோடு லாக்டோமீட்டரை விட்டால் நல்ல பாலும் தண்ணீர் கலந்தது மாதிரிதான் காட்டும். ஆறவிட்டுப் பார்க்க வேண்டும். அடுத்த தோட்டத்துப் பாவாத்தாள் பாலைக்கூட ஆறவிட்டு இரண்டாம் தடவை பார்க்காமல் நான் தள்ளினதில்லை. என் மாப்பிள்ளையிடம் அந்தப் பொறுமையை நான் காட்டவில்லை.

இன்னும் ஒன்று இருக்கிறது, அதை எழுதத்தான் இவ்வளவு சுற்றினேன். பங்குனியில் உங்கள் ரத்தச் சோதனைக் காகிதமும் பிரவீனாவுக்கு ஒரு கடிதமும் வந்தன. குறையில்லை என்றிருந்தது. விலைக்கு வாங்கின காகிதம் என்று எண்ணி இரண்டையும் பெட்டியில் பூட்டினேன். உண்மை தெரிந்த பிறகும் வெட்கத்தில் இரண்டு மாதம் ஓட்டினேன். போன திங்கட்கிழமை ஊசி குத்தும்போது, “அவரு ஒரு வரிகூட எழுதலீங்களேப்பா” என்றாள். அதற்கு மேல் என்னால் முடியவில்லை. எடுத்துக் கொடுத்தேன். படித்தாள். அன்று மாலை அம்மாவையும் விடாமல் ஊசியைத் தானே போட்டுக்கொண்டாள். அதிலிருந்து என்னோடு பேச்சில்லை.

அவள் எழுதின கடிதம் இதனுள் இருக்கிறது. ஒட்டிக் கொடுத்தாள். நான் பிரிக்கவில்லை.

கட்டுச்சோறு கொண்டுவந்து, சம்பந்தியம்மா ராசாத்தாளிடம் கேட்டு, பிரசவத்துக்கு முறையாக அழைத்துவர வேண்டிய பிள்ளையைத் திருடின மாதிரி வைத்திருக்கிறேன். காரில் மெதுவாகப் போய்வரலாம் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். ஆடி பிறப்பதற்குள் ஒரு நாள் சொல்லுங்கள். அவளைப் பவானிக்கு அழைத்து வருகிறோம். அதே பங்காளிகளைக் கூப்பிடுங்கள், அவள் சோதனைக் காகிதத்தையும் உங்கள் சோதனைக் காகிதத்தையும் நானே அவர்கள் முன்னால் படிக்கிறேன். பிறகு உங்களுக்கு மனசிருந்தால் பிரசவத்துக்கு எங்களோடு அனுப்புங்கள், இல்லை என்றால் அங்கேயே விட்டுவிட்டு வருகிறேன். பிள்ளை பிறக்கும்போது நீங்கள் அவள் பக்கத்தில் இருக்க வேண்டும். அதுதான் வேண்டும்.

தண்ணீரோடு எனக்காக வாசலுக்கு வாருங்கள் என்று கேட்க எனக்கு வாயில்லை. ஆனால் நீங்கள் கொடுத்தால் இரண்டு கையாலும் வாங்கிக் குடிப்பேன்.

நீங்களும் உங்கள் பிள்ளையும் நெடுங்காலம் நன்றாக இருக்க வேண்டும்.

மாமன் என்று எழுத நீங்கள் விட்டால்,
வெள்ளியங்கிரி