மூன்றாவது மாத ஊசி

அன்புள்ள அம்மா,

உன் முழங்கால் எப்படி இருக்கிறது? இன்று எழுந்ததும் தொடையில் ஊசி போட்டுக்கொண்டேன். பயப்படாதே, ஒற்றைத் தலைவலிக்கு மாதம் ஒருமுறை நானே போட்டுக்கொள்வதுதான். முதல் தடவை ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு குத்திக்கொண்டு துள்ளிவிட்டேன். "அரை மணி வெளியே வைக்கணும்க்கா! படிச்சவங்கதானே நீங்க?" என்று பிறகு மருத்துவமனையில் சொன்னபோது நர்ஸ் சிரித்தாள்.

மாதம் பன்னிரண்டு நாள் வந்த வலி இப்போது நான்கு நாள்தான் வருகிறது. எல்லோருக்கும் இந்த மருந்து இப்படிக் கேட்பதில்லையாம். எனக்கு மட்டும் ஏன் கேட்கிறது? நீ சன்னலை அடைத்துப் படுத்த நாட்களில், எங்கள் மேல் கோபம் என்று நினைத்தேனே, அதுவும் இதே வலிதானா? மறக்காமல் எழுது. மிச்ச நான்கு நாளுக்குக் கண்ணில் கட்டிக்கொள்ள உன் பழைய பருத்திப் புடவை ஒன்று அனுப்பு.

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. தலைவலிக்குப் பயந்து இருமுறை மறுத்த ஆய்வுக்கூடப் பொறுப்பை இம்முறை ஏற்கப்போகிறேன். இங்கே யாருக்கும் இன்னும் சொல்லவில்லை.

உன் மகள்