கொதிக்கக் கூடாத அண்டா

மச்சான்,

டொக்டர் தந்த கப்சூல் உள்ளங்கை வேர்வையில் ஒட்டிக்கொண்டது. விழுங்காமல் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். “தண்ணி ஆறுது, குடிங்களே!” என்று என் பெண்சாதி சத்தம் போட்டாள். அவளுக்கு என்ன தெரியும்? அந்த மெல்லிய கூடு ஜெலட்டின் என்று எனக்கு முதலில் சொன்னவன் நீதான். “மருந்துக் கூடு, போட்டோ பிலிம், ஜெலி எல்லாத்துக்கும் இதுதான்டா வேணும். நீ குப்பையில கொட்டுற மீன் தோல்ல இருக்கு.” நான் சிரித்த சிரிப்பு இருக்கே!

பண்டாரவளைச் சந்தையில் என் மீன்கடை. நீ பள்ளியில் என்னோடு ஒரே வாங்கில் இருந்து சயன்ஸ் படித்தவன். வேலை கிடைக்காமல் தேயிலைத் தோட்டத்து லய வீட்டில் கிடந்தாய். அரசாங்கம் இறக்குமதியை நிறுத்தியிருந்த காலம் அது. கொழும்பில் மருந்து செய்கிற ஒருவர் ஜெலட்டின் கிடைக்காமல் தவித்துக்கொண்டிருந்தார். நல்ல சரக்காக ஒருமுறை அனுப்பினால் தொடர்ந்து எடுப்பதாகச் சொல்லியிருந்தார். “இது சரிவந்தா நான் மத்தவங்க மாதிரி இந்தியாவுக்கே போறேன்னு எழுதிக் குடுக்க மாட்டேன் மச்சான். இங்கேயே பொழச்சுக்குவேன்” என்றாய்.

கடைக்குப் பின்னால் அண்டா வைத்தோம். தோலைச் சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறப்போட்டு, கார நெடி போகும்வரை அலசி, வினாகிரிக் காடி கலந்த தண்ணீரில் போட்டு, மறுபடி அலசி, சின்னத் தீயில் வைப்பாய். “கொதிச்சா போச்சு, அப்புறம் உறையாது.” ஒரு குமிழி கிளம்பினால் போதும், விறகை வெளியே இழுத்துவிடுவாய். வடித்துத் தட்டில் ஊற்றினால் நம்ம ஊர்க் குளிருக்கு ஐஸ் இல்லாமலே இறுகிவிடும். காய்ந்த தகட்டை வெயிலில் பிடித்து அதன் வழியே என்னைப் பார்த்தாய். “இப்பதான்டா நீ அழகா இருக்கே!”

அப்புறம் பஞ்சம் வந்தது. ரேஷன் கூப்பனுக்கு மாவு இல்லை, தோட்டத்தில் வேலையும் குறைந்தது. சனங்கள் முதலில் மீன் தலை கேட்டு வந்தார்கள், பிறகு தோலும் கேட்டார்கள். கடையில் கழிவு என்று ஒன்றே இல்லாமல் போனது. கொழும்புக்கு அனுப்ப நீ சேர்த்த தோல் மட்டும் அண்டாவில் கிடந்தது.

வாசம் பிடித்துக்கொண்டு தகரப் பேணியோடு ஒரு பெண் வந்தாள். இடுப்பில் ஒரு பிள்ளை, அழக்கூடத் தெம்பில்லை.

“ஐயா, அந்தத் தண்ணியில கொஞ்சம் ஊத்துங்க. புள்ளைக்கு.”

“இது சாப்பாடு இல்லங்க” என்றாய்.

“மீன்தானுங்களே?”

நீ என்னைப் பார்த்தாய். பிறகு நீயே குனிந்து விறகை உள்ளே தள்ளினாய். என்னிடம் உப்புக் கேட்டாய். அண்டா தளதளவென்று கொதித்தது. அவளுக்குப் பின்னால் இன்னும் எத்தனை பேர் வந்துவிட்டார்கள்! முகத்தைக் காட்டாமல் எல்லாருக்கும் ஊற்றினாய்.

அதற்குப் பிறகு தோலும் சேரவில்லை, கொழும்புக்காரரும் காத்திருக்கவில்லை. நீ எழுதிக் கொடுத்துவிட்டு ரயிலேறினாய். கடல் தாண்டி அக்கரையில் காய்ச்சலில் போய்விட்டாய் என்று உன் மச்சினன்தான் வந்து சொன்னான். அந்தப் பிள்ளையாவது பிழைத்தது என்று எழுத ஆசையாக இருக்கிறது. பிழைக்கவில்லை மச்சான். நீ ரயிலேறிப் போன பிறகுதான் எனக்கே தெரிந்தது.

இப்போது இறக்குமதி திறந்துவிட்டார்கள். இந்தக் கப்சூல்கூட வெளிநாட்டுச் சரக்கு. சந்தையில் மீன் தோல் குவிந்து நாறுகிறது, கேட்க ஆளில்லை.

வீட்டில் சோற்றுப்பானை கொதித்தாலும் என் கை போய் விறகை இழுத்துவிடுகிறது. பெண்சாதி திட்டுகிறாள். திட்டட்டும்.