வெளியே புடைச்ச தகடு

தம்பி லைலுக்கு, கர்த்தர் உன்னைக் காப்பாத்தட்டும். எங்கிட்டேருந்தும் அவர்தான் காப்பாத்தணும்.

உன்னோட பழைய பொம்மை லாரியைச் சுரண்டி, துரு எடுத்து, புதுசா சிவப்பு அடிச்சுட்டேன். சக்கரமெல்லாம் ஜம்முனு உருளுது. பின்தொட்டியில இருக்கிற வீக்கத்தை மட்டும் தட்டல. தட்டவும் மாட்டேன்.

"அக்காதான் வைக்கோல் பரண்லேருந்து போட்டு உடைச்சா"ன்னு நாப்பத்தஞ்சு வருஷமா சொல்றே. அதை நம்பித்தான் அப்பா அந்த வருஷம் என்னைக் கவுன்டி திருவிழாச் சந்தைக்குக் கூட்டிட்டுப் போகல.

கீழே விழுந்தா தகடு உள்ளே போகும்டா. இது உள்ளேருந்து வெளியே புடைச்சிருக்கு. தொட்டிக்குள்ள நீ அவசரமா பூசின கொட்டகைப் பெயின்டை எடுத்தா, அடியில ஒரே கரி. ஜூலை நாலாம் தேதி, சுதந்திர தினத்தன்னிக்கு, பட்டாசு யார் கையில இருந்துச்சு? ஞாயித்துக்கிழமை சர்ச்சுல என் பக்கத்துல நின்னு என்னமா பாடுறே!

உன் பையன் பொறந்தநாளுக்கு லாரி வேணும்னா நீயே வா. மேசையில ஆப்பிள் பை பலகாரமும் மரச்சுத்தியலும் வெச்சிருக்கேன். "நான்தான்க்கா அதுல பட்டாசு வெடிச்சேன்"னு உன் வாயால சொல்லு, அப்பவே தட்டிச் சமன் பண்ணித் தரேன். இல்லேன்னா வீக்கத்தோடதான் வரும். ஏன்னு பையன் கேப்பான். அத்தை சொல்லுவேன்.

இப்படிக்கு,
பரண் பக்கமே போகாத உன் அக்கா