தங்கையிடம் கேட்காத ஒரு கையெழுத்து

பாசமுள்ள அண்ணனுக்கு,

நம் பேக்கரியை இப்போது நானும் அண்ணியும்தான் நடத்துகிறோம். சிரிக்காதீர்கள், எனக்கு மாவின் பதம்கூடப் பார்க்கத் தெரியும். முதல் மாதம் நான் போட்ட கல் மாதிரியான பாண் ரொட்டியை, "சறுக்காம இருக்க சக்கரத்துக்கு அடை குடுக்கலாங்க" என்று ஆட்டோக்காரர் கேலி செய்தார். இப்போது அவரே காலையில் இரண்டு வாங்கிப் போகிறார்.

கொரோனா ஊரடங்கில் நம் அட்டன் நகரமே மூடிக் கிடந்தபோது, வட்டகொடையில் புகுந்த வீட்டிலிருந்த எனக்கு தினமும் போன் எடுப்பீர்கள்.

"சாப்பிட்டியா கோமதி?"

"சாப்பிட்டேண்ணே. கடை எப்புடிங்கண்ணே?"

"அதெல்லாம் ஓடுது. சின்ன வியாபாரத்துக்கு அரசாங்கம் கடன் குடுக்குது. எழுதிப் போட்டிருக்கேன்."

நான் நம்பினேன். அந்தத் தீபாவளிக்கும் மரக்கறி லொறியில் எனக்குச் சீர் அனுப்பினீர்கள். சேலையும் கேக்கும் வந்ததும், அண்ணனுக்குக் கடன் கிடைத்துவிட்டது என்று என் வீட்டுக்காரரிடம் பெருமையடித்தேன். அண்ணியும் அப்படித்தான் நினைத்தாராம். "ஓட்டாத வேன் எதுக்கு" என்று நீங்கள் வேனை விற்று, அந்தப் பணத்தில் கடையில் வேலை செய்த ஆறு பேருக்குச் சம்பளம் கொடுத்தது அப்போது யாருக்குமே தெரியாது.

மாசி மாதம் கடை நாற்காலியிலேயே சாய்ந்துவிட்டீர்கள். மாரடைப்பு என்றார்கள். ஐம்பத்திரண்டு போகிற வயதா அண்ணே?

கடைப் பதிவை மாற்ற அண்ணியோடு பிரதேச செயலகம் போனபோதுதான் விஷயம் தெரிந்தது. பதிவு இன்னும் செத்துப்போன அப்பா பெயரில்தான் இருந்தது. அந்தப் பெயரை எடுத்தால் அவரை இரண்டாவது தடவை அனுப்பி வைப்பது போலாகும் என்று நீங்கள் விட்டுவைத்திருந்தீர்கள். அங்கிருந்த யாழ்ப்பாணத்து அதிகாரி உங்களை மறக்கவில்லை.

"அவர் மூண்டு தரம் வந்தவர். பதிவு உங்கட பேரில இருந்தாத்தான் வங்கி கடன் தரும், தங்கச்சி தன்ர உரிமைய விட்டு ஒரு கையெழுத்துப் போட்டாப் போதும் எண்டு சொன்னனான். கட்டிக் குடுத்த பிள்ளையிட்ட எப்பிடிக் கேக்கிறது எண்டிட்டுப் போனவர். பிறகு வரேல்லை."

அண்ணி அங்கிருந்த வாங்குப் பலகையில் உட்கார்ந்துவிட்டார். எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது.

அண்ணன் என்றால் தங்கச்சி வீட்டுக்குச் சீர் கொண்டு போகலாம், எதையும் கேட்டுப் போகக் கூடாது. நம் வீட்டுப் பழக்கம் அது, சரி. ஊரே முடங்கிய நாளிலுமா? என் வீட்டுக்காரர் ஏதாவது சொல்லுவார் என்று பயந்தீர்களா? இல்லை, நானே மாட்டேன் என்பேன் என்று நினைத்தீர்களா? கேட்டிருந்தால் தண்டவாளம் வழியே நடந்தாவது வந்து போட்டிருப்பேனே.

கோபம் அடங்கிய பிறகு யோசித்தேன். தினமும் கடை எப்படி என்று கேட்டேன். நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று ஒரு நாளும் கேட்கவில்லை. ஆறு வீட்டில் அடுப்பெரிய வேண்டுமே என்று பூட்டிய கடைக்குள் தனியாக உட்கார்ந்திருந்த மனுஷனை நான் பார்க்கவே இல்லை. என்னை மன்னித்துவிடுங்கள்.

தை மாதம் உங்கள் மகளுக்குக் கல்யாணம். முதல் சீர்த்தட்டைத் தூக்கப் போவது அவள் தம்பி. உங்களைப் போலவே அவனும் எதையும் வாய் திறந்து சொல்ல மாட்டான். மண்டபத்தில், மாப்பிள்ளை வீட்டார் முன்னாலேயே அவனிடம் சொல்லப் போகிறேன்: "கஷ்டம்னா வெறுங்கையோட அக்கா வீட்டுக்குப் போடா. போய்க் கேளு. அது உன் வீடுந்தான்." நாலு பேர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை. இது நான் உங்களுக்குக் கொடுக்கும் வாக்கு அண்ணே.

நீங்கள் கட்டிக் கொடுத்த பிறகும்
உங்கள் தங்கச்சியாகவே இருக்கும்,
கோமதி