கிரேஸ் போட்ட கணக்கு

ஜூலை 8, செவ்வாய்

நேற்று ஒன்பதாம் வகுப்பில் x⁴/x² போட்டுக் காட்டினேன். மேலும் கீழும் பொதுவான x-களை அடித்தால் x² மிஞ்சும். எல்லோரும் புரிந்தது என்றார்கள்; அவர்களே போட்டு நோட்டில் எழுதிய x²-க்கு டிக் போட்டேன். இன்று x⁶/x² கொடுத்தேன். கிரேஸ் x³ என்று எழுதியிருந்தாள். ஆறில் இரண்டைக் கழித்து x⁴ என்று எழுதாமல், ஆறை இரண்டால் வகுத்துவிட்டாள்.

"நேத்தும் இப்படித்தானே மிஸ் போட்டேன், டிக் போட்டீங்களே" என்றாள். எதிர்த்துப் பேசுகிறாள் என்று வெளியே நிற்க வைத்தேன்.

சாயங்காலம் கீழ்க்கட்டளை பஸ்ஸில் ஸ்டெல்லா மிஸ்ஸிடம் புலம்பினேன். அவர் சிரித்துவிட்டார். "நாலுல ரெண்டைக் கழிச்சாலும் ரெண்டு, நாலை ரெண்டால வகுத்தாலும் ரெண்டு. வேற கணக்கே கிடைக்கலையா உங்களுக்கு?"

கிரேஸ் பீரியட் முழுவதும் ஜன்னல் வழியாகப் போர்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். முறைக்கிறாள் என்று நினைத்தேன். தப்பு எங்கே என்று தேடியிருக்கிறாள்.