சிவப்புக் கோட்டில் நிலா

1. இக்கடிதத்தை எழுதுபவன் உன் கணவன், வழக்குரைஞர், இப்போது நீதிமன்றப் படி ஏறாமல், வீட்டிலிருந்தபடியே பத்திரங்கள் வரைந்து கொடுப்பவன்.

2. பெறுபவள் நீ, மகளின் பிரசவத்துக்குத் துணையாக அவளுடைய ஊருக்குச் சென்றவள். அக்குழந்தை இப்போது நடக்கத் தொடங்கிவிட்டதாக அறிகிறேன்.

3. தொலைபேசியில் நீ விசாரித்த போதெல்லாம் 'எல்லாம் சௌகரியம்' என்று நான் அளித்துவந்த கூற்றை இதன்மூலம் திருத்திக்கொள்கிறேன். எவருடைய தூண்டுதலுமின்றி, சுயநினைவோடுதான் எழுதுகிறேன்.

அன்புள்ள துணைவிக்கு,

நீயும் மகளும் மாப்பிள்ளையும் பேத்தியும் நலமாயிருக்க வேண்டுகிறேன். மேலே எண் போட்டிருப்பதைக் கண்டு உதட்டைப் பிதுக்குவாய். திருமணத்துக்கு முன் நான் எழுதிய முதல் கடிதத்திலேயே பத்தி எண் இருந்ததென்று மகளிடம் சொல்லிச் சிரித்தவள்தானே நீ. இனி எண் வராது.

வீட்டுச் செய்திகள் முதலில். மாடித் தொட்டியின் கசிவு நின்றது. குக்கருக்குப் புது வளையம் போட்டாயிற்று. ஆயினும் ஓர் ஆளுக்கு வைத்தால் அது விசில் அடிக்க மறுக்கிறது. இரண்டு பேருக்கு வைத்து, மறுநாள் காலையில் மீதத்தைச் சாப்பிடுகிறேன். உன் அலமாரியைத் திறக்கவில்லை. குமாஸ்தா தினமும் வருகிறார்; வேலை இருக்கும் நாளில் தட்டச்சு செய்கிறார், இல்லாத நாளில் என்னோடு செய்தித்தாள் படிக்கிறார்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். விஷயம் நம் தொலைநோக்கியைப் பற்றியது.

மழைக்காலம் முடிந்து மொட்டைமாடி காய்ந்ததும் உறையை நீக்கினேன். அன்று மாலை அரைநிலா. கண் வைத்துப் பார்க்கும் வில்லைகளில் நடுத்தரமானதைப் பொருத்திப் பார்த்தபோது, நிலாவைச் சுற்றிப் பால் சிந்தியதுபோல் ஒரு மூட்டம். பள்ளங்களின் விளிம்பு தெரியவில்லை. ஈரக்காற்றில் வில்லையில் பூஞ்சை பிடித்திருக்கும் என்றுதான் முதலில் சந்தேகித்தேன். ஆனால் வில்லை டப்பாவுக்குள் நீ போட்டுவைத்த ஈரம் உறிஞ்சும் பொட்டலங்கள் அப்படியே இருந்தன. ரப்பர் பந்தால் தூசியை ஊதி, பஞ்சை நனைத்து, நீ சொல்லித் தந்தபடி நடுவிலிருந்து வெளிப்புறமாக, அழுத்தாமல் துடைத்தேன். மூட்டம் போகவில்லை. வேறு வில்லைகளை மாற்றினேன். எல்லாவற்றிலும் அதே மூட்டம். ஆகவே வில்லைகள் குற்றமற்றவை என்று விடுவித்தேன்.

அடுத்து, நிலா வெளிச்சத்தைக் குவிக்கும் ஆடி. குழாயின் அடியிலிருந்து அதைக் கழற்றி, கார் பேட்டரிக்கு ஊற்றும் வடிநீரில் கழுவி, சாய்த்து உலர்த்தினேன். நாம் ஒருமுறை சேர்ந்து கழுவியபோது நீ ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் பிடித்துக்கொண்டு, மூச்சைக்கூட அடக்கியபடி படியிறங்கினோம். இம்முறை அதைக் குழந்தையைப் போல மார்போடு அணைத்துக்கொண்டு, ஒவ்வொரு படியையும் காலால் தடவி இறங்கினேன். திரும்பப் பொருத்தியபின் ஒருவர் குழாயின் அடியில் திருகாணியைத் திருப்ப, ஒருவர் அதன் மேல்முனையில் பார்த்து 'இன்னும் கொஞ்சம், போதும் போதும்' என்று சொல்ல வேண்டிய வேலை. நானே பார்த்து, கீழே போய்த் திருப்பி, மறுபடி மேலே வந்து பார்த்து ஒருவாறு நேர்ப்படுத்தினேன். மறுநாளும் மூட்டம் அப்படியே இருந்தது.

இதற்கிடையே இன்னொன்றும் கவனித்தேன். வில்லையைச் செருகி, குமிழால் உள்ளும் வெளியும் நகர்த்தும் குவியக் குழாயில் நம் இருவருக்கும் தனித்தனிக் கோடு உண்டல்லவா? எனக்குத் தெளிவாக இருக்கும் இடத்தில் கறுப்பு மசிக்கோடு. கிட்டப்பார்வைக்காரியான உனக்கு, குழாயை இன்னும் உள்ளே தள்ளிய இடத்தில் சிவப்புக் கோடு. நீ பார்த்தபின் நானும், நான் பார்த்தபின் நீயும் குமிழைத் திருப்பித் திருப்பிச் சண்டையிட்டு, 'இந்தாங்க, இனிமே என் எல்லைக்குள்ள நீங்க வரக் கூடாது' என்று உன் நகப்பூச்சை எடுத்துவந்து நீயே போட்ட கோடு அது. நீ சென்ற பின் அக்குமிழைத் திருப்ப யாருமில்லை. விட்ட இடத்திலேயே நின்றது. ஆனால் இப்போது கறுப்புக் கோட்டில் வைத்தால் எனக்கு நிலா கலங்குகிறது. உள்ளே தள்ளத் தள்ளத் தெளிகிறது. மூட்டத்தோடுதான் என்றாலும், மிகத் தெளிவாகத் தெரியும் இடம் உன் சிவப்புக் கோடு.

யாரோ உள்ளே எதையோ மாற்றிவிட்டார்கள் என்றே நினைத்தேன். வீட்டில் என்னைத் தவிர வேறு யாருமில்லை என்பது சற்றுப் பொறுத்துத்தான் நினைவுக்கு வந்தது.

சொந்த வழக்கில் ஒருவன் தன் கண்ணையே சாட்சியாக வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. கீழ்வீட்டுத் தையல்காரம்மாவை மாடிக்கு அழைத்தேன். குமிழை எப்படித் திருப்புவதென்று மட்டும் சொன்னேன். எதையும் முன்கூட்டிச் சொல்லிச் சாட்சியைக் கலைக்கவில்லை. அவர் குனிந்து, திருப்பி, ஒரே கூச்சலாக, "ஐயோ சார், அம்மை போட்ட முகம் மாதிரி இருக்கே! இதையா இத்தனை நாளா பளபளன்னு பாட்டுல பாடுறாங்க?" என்றார். மூட்டம் ஏதும் இருக்கிறதா என்று கேட்டேன். "மூட்டமா? ஊசிக் காதுல நூல் கோக்கலாம் போல அவ்ளோ தெளிவு. ஏன், உங்களுக்குத் தெரியலையா?" என்றார். சும்மா சோதித்ததாகச் சொல்லி அனுப்பிவைத்தேன். பிறகு குழாயைப் பார்த்தேன். அவர் நிறுத்திய இடம் என்னுடைய கறுப்புக் கோடு.

ஆக, கருவியில் மாற்றம் ஏதுமில்லை. மாறியிருப்பது என் வலது கண்.

இடது கண் சிறுவயதிலிருந்தே பேருக்கு இருப்பது என்பதை நீ அறிவாய். எனக்கிருப்பது வலது கண் ஒன்றுதான். மறுவாரமே மருத்துவரிடம் சென்றேன். தொலைநோக்கியைக் கழுவித் துடைத்த கதையைச் சொல்லி, கொஞ்ச காலமாக மூக்குக்கண்ணாடி இல்லாமலே பத்திரம் படிக்க முடிகிறது என்று அவரிடம் பெருமையாகச் சொன்னேன். அந்த அம்மையார் சிரிக்கவில்லை. "அது நல்ல சேதி இல்லைங்க. கண்ணுல புரை முத்துறப்ப கிட்டப்பார்வை வரும். உங்க டெலஸ்கோப்பைப் போட்டு இனிமே தேய்க்காதீங்க, பாவம்" என்றார். அறுவை செய்து உள்ளே செயற்கை வில்லை வைக்க வேண்டுமாம். ஒற்றைக் கண் என்பதால் அவரும் யோசித்துத்தான் பேசினார். ஆனால் தள்ளிப்போடுவது அதைவிட ஆபத்து என்றார். கூட யார் வருவார்கள் என்று கேட்டார். ஏற்பாடு செய்துகொள்வதாகச் சொன்னேன்.

புறப்படும்போது ஒரு கேள்வி கேட்டார். "தூரம் தெளிவா தெரியற லென்ஸ் வைக்கட்டுமா, கிட்டத்துல தெளிவா தெரியறதா? வச்சப்புறம் மாத்த முடியாது. நட்சத்திரம் பாக்குறவர், தூரம்தானே கேப்பீங்க?"

யோசித்துச் சொல்வதாகக் கூறி வந்துவிட்டேன். தொலைநோக்கிக்கு இது ஒரு பொருட்டே அல்ல. எந்தக் கண்ணாயினும் குமிழைத் திருப்பினால் போதும். தூரத்து வில்லையாயின் என் குவியம் பழையபடி கறுப்புக் கோட்டுக்குப் போய்விடும். தெருவில் கண்ணாடியின்றி நடக்கலாம்; தனியாக வெளியே போய்வருபவனுக்கு அதுவே உகந்தது. கிட்டத்து வில்லையாயின் வெளியே போகக் கண்ணாடி வேண்டும். ஆனால் குவியம் ஏறக்குறைய உன் கோட்டிலேயே நிற்கும். நான் பார்த்து நகர்ந்ததும் நீ குனிந்து அப்படியே பார்த்துக்கொள்ளலாம். குமிழைத் தொடவே வேண்டாம்.

இரண்டுக்கும் சட்டப்படி தடையேதுமில்லை. எது பொருத்தம் என்பது, அந்த மாடியில் இனி எத்தனை பேர் பார்ப்பார்கள் என்பதைப் பொறுத்தது. அதைத் தீர்மானிக்கும் உரிமை எனக்கில்லை. மகளுக்கு உன் உதவி இன்னும் தேவைப்படுகிறதென்பதை உணர்கிறேன். குழந்தை உன்னிடம்தான் உறங்குகிறது என்று மாப்பிள்ளையும் சொன்னார். இதை எதிர்த்து நான் ஏதும் வாதிடவில்லை.

மருத்துவர் அடுத்த மாத முதல் வாரத்தில் விடை கேட்பார். தூரமா, கிட்டமா என்று ஒரே ஒரு சொல் எழுதினால் போதும். காரணம் எழுத வேண்டாம். தொலைபேசியிலும் சொல்ல வேண்டாம். அதில் உன் குரலைக் கேட்டதும் 'எல்லாம் சௌகரியம்' என்று மறுபடி சொல்லிவிடுவேன். எந்தச் சொல் வந்தாலும் அதை அப்படியே ஏற்பேன். மேல்முறையீடு செய்ய மாட்டேன்.

பேத்தி விழுந்து எழுந்து நன்றாக நடக்கட்டும். மகளுக்கும் மாப்பிள்ளைக்கும் என் ஆசிகள். நீ உன் கண்களைப் பார்த்துக்கொள்.

இப்படிக்கு,
உன் கணவன்
(கையொப்பம்)

சாட்சிகள்:

குமாஸ்தா. கையொப்பத்துக்கு மட்டும்; கடிதத்தின் உள்ளடக்கத்துக்குப் பொறுப்பல்ல.

கீழ்வீட்டுத் தையல்காரம்மா. அக்கா, உள்ள என்ன எழுதியிருக்குன்னு எனக்குக் காட்ட மாட்டேங்கறார். கையெழுத்துப் போட மட்டும் கூப்பிட்டார். எதுவா இருந்தாலும் சரின்னு சொல்லிடுங்க.